கொடி விழும் வரை

கன்று செத்துப்போனது என்று யாராவது சொன்னால் என் மனசு துள்ளிய காலம் ஒன்று உண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வேலை அப்படி. எண்பதுகளின் கடைசியில் நகரத்தில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். பண்ணையிலிருந்து ஆள் வந்து, "மேடம், ஒண்ணு போயிருச்சு" என்பார். எப்போது பிறந்தது, பால் குடித்ததா, செத்து எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டுவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ராஜபாளையத்தில் என் அம்மா இதை யாரிடமும் சொல்லமாட்டாள். "மாட்டு டாக்டருக்குப் படிக்கா" என்று பாதியோடு நிறுத்திக்கொள்வாள். பச்சைக் கன்றின் குடலை அறுத்துப் பார்க்கிறவளுக்கு எந்த வீட்டில் மாப்பிள்ளை கிடைக்கும் என்பது அவள் கவலை. அது கடைசிவரை தீரவில்லை.

நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மனிதக் குழந்தைக்குத் தாய், நோயை எதிர்க்கும் பொருளில் பெரும்பங்கை வயிற்றில் இருக்கும்போதே கொடுத்து அனுப்பிவிடுகிறாள். பசுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கன்று வெறும் ரத்தத்தோடு பூமியில் விழுகிறது. தாய்ப்பசு அத்தனை எதிர்ப்பொருளையும் சீம்பாலில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கன்று குடித்தால், குடலின் உள்சுவரில் நெருக்கமாக நிற்கும் செல்கள் அதை விழுங்கி, உடைக்காமல் சிதைக்காமல் தம் வழியாகவே கடத்தி, மறுபக்கம் ரத்தத்துக்கு இறக்கிவிடுகின்றன. இதெல்லாம் பிறந்த முதல் பகலும் மிஞ்சினால் முதல் ராத்திரியும்தான். நேரம் போகப் போகக் குறையும். பிறகு அந்தச் செல்கள் அடைத்துக்கொள்ளும். அதற்குமேல் குடம் குடமாக ஊற்றினாலும் வயிறு நிறையுமே தவிர, ரத்தத்தில் ஒரு சொட்டு ஏறாது.

அந்தக் கடத்தலைப் படம் பிடிப்பது என் வேலை. எதிர்ப்பொருளைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சாயம் ஒன்று இருந்தது. குடலைத் தாளைவிட மெல்லிசாகச் சீவி, அந்தச் சாயத்தில் நனைத்து, இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பின் நீல ஒளியில் வைத்தால், எதிர்ப்பொருள் இருக்கும் இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். ஆனால் அதில் இரண்டு தொல்லை. பார்க்கப் பார்க்க அந்தப் பச்சை அழியும். ஆசைப்பட்டு ஒரே இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்முன்னால் மங்கிக் கறுத்துப்போகும். ஃபிலிமில் பதிய வெகுநேரம் ஷட்டரைத் திறந்து வைக்கவேண்டும். அப்போது பக்கத்து அறையில் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் படம் ஆடிவிடும். நான் கத்துகிற கத்தலுக்குப் பயந்து அந்த வராந்தாவில் எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

இன்னொரு தொல்லை, இதை ஓடும் படமாக எடுக்கமுடியாது. செல் விழுங்கும் கணம் ஒரு கன்று. பச்சை நடுவில் வந்து நிற்கும் கணம் இன்னொரு கன்று. மறுபக்கம் இறங்கும் கணம் வேறொரு கன்று. ஒவ்வொரு படமும் ஒரு சாவு. வரிசையில் எல்லாம் கிடைத்துவிட்டன, கடைசி ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. செல்கள் அடைத்துக்கொண்ட பிறகு முதன்முதலாகப் பால் குடித்து, உடனே செத்த கன்றின் குடல் வேண்டும். பண்ணைகளில் கன்று பிறந்ததும் ஊட்ட விட்டுவிடுவார்கள். "இப்படி ஒண்ணு எங்கம்மா கிடைக்கும்?" என்று என் ஆசிரியர் அலுத்துக்கொண்டார். எனக்குத் தெரியும் எங்கே கிடைக்கும் என்று. என் அக்கா வீட்டுத் தொழுவில் கிடைக்கும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். அத்தான் பட்டாளத்தில் இருந்தார், வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியும் படுக்கையுமாக வருவார். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் அக்காவும் மாமியாரும் மட்டும்தான். அந்த மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கட்டான உடம்பு, வெண்கலக் குரல். அத்தான் அவளுக்கு ஒற்றைப் பிள்ளை. அவருக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து, பத்து நாள் தாண்டாமல் வயிற்றுப்போக்கில் போய்விட்டன. அதனால் அத்தான் பிறந்த அன்றே அவரைக் குப்பையில் கிடத்தி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றார்கள். வாங்கியவள் கைப்பிள்ளைக்காரி, தன் பிள்ளையோடு சேர்த்து இவருக்கும் அன்றே பால் கொடுத்தாள். இது நம்ம பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். தவிட்டுப்பிள்ளை என்று தெருவில் இன்றைக்கும் அத்தானைக் கேலி செய்வார்கள்.

அக்காவோடு சீதனமாக ஒரு ஜெர்சி கலப்புக் கிடேரியும் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பு அணைவதே இல்லை. பால் இருக்கிற வீட்டுக்குத் தனி மரியாதை. மாடு இருக்கிறவரை அக்காவுக்கும் அந்த மரியாதை உண்டு என்று நாங்கள் நம்பினோம். அவளுக்கு ஒரு தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தரிக்கவில்லை. புருஷன் எல்லையில் இருந்தால் எப்படித் தரிக்கும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அந்தக் கிடேரி ஈன்ற தலைச்சன் கன்று கழிச்சலில் செத்தது. கன்று இல்லாமல் அந்த மாடு மடி இறக்காது. ஆகவே கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மூங்கில் கால் கட்டி, மாட்டின் முன்னால் வைத்தார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் விட்டது. நான் லீவுக்குப் போயிருந்தபோது தொழுவின் உத்தரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. கண் இருந்த இடம் ஓட்டையாகி, ஒரு காதை எலி தின்றிருந்தது. கறவை நேரத்தில் அக்கா அதை இறக்கி வைப்பாள், கறந்து முடிந்ததும் மறுபடி ஏற்றிவிடுவாள். எத்தனையோ கன்றை அறுத்த நானே அந்தத் தொழுவுக்குள் நிற்கமாட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

மாடு ரெண்டாவது சினைப்பட்டதும் அத்தை என் அம்மாவைக் கூப்பிட்டனுப்பி, முகத்துக்கு நேரே சொன்னாள்.

"கன்னு தங்காத மாடும் புள்ள தங்காத மருமவளும் ஒரே வீட்டுல கெடந்தா வெளங்குமா மதினி? இந்த ஈத்தும் தங்கலைன்னா மாட்டைக் கேரளா லாரியில ஏத்திருவேன். உங்க மவள நீங்க கூட்டிட்டுப் போயிருங்க. எம் மவன் ஒத்தைக்கு ஒரு புள்ள, அவனுக்கு ஒரு வாரிசு வேண்டாமா?"

அம்மா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். எனக்கு வந்தது ஆத்திரம். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் வாயிலிருந்தா இந்த வார்த்தை வருகிறது என்று கேட்டேன். "அவிய பட்டதுலதான் அப்படிப் பேசுதாவ" என்றாள் அம்மா. இந்த நியாயமெல்லாம் எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது.

ஈற்று நாள் நெருங்கியதும் லீவு போட்டுக் கிளம்பினேன். எப்படியாவது அந்தக் கன்றுக்கு முதல் பகலிலேயே சீம்பால் ஊட்டிவிடவேண்டும், அக்காவைக் காப்பாற்றவேண்டும் என்று கிளம்பினேன். பைக்குள் சேலைகளுக்கு நடுவே, அறுத்த சதையை அழுகாமல் வைக்கிற ஃபார்மலின் ஒரு பாட்டிலும் இருந்தது. போன இடத்துக்கெல்லாம் அதைக் கொண்டுபோவது எனக்குப் பழக்கம். ஆனால் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற வீட்டுக்கு யாராவது பாடைக்கயிறு கொண்டுபோவார்களா? அக்கா பையைப் பிரித்தபோது அந்த நெடி மூக்கில் ஏறி, முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள். "மருந்துக்கா" என்றேன். அவள் சேலைக்கு அடியில் அதைத் திரும்ப வைத்தாள்.

ஒரு காலைநேரம் மாடு ஈன்றது. கிடேரிக் கன்று. மழைமேகம் போல ஒரு நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. மாடு நக்க நக்க அது தலையைத் தூக்கி, எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து, நாலு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு மடியைத் தேடி நடந்தது. காம்புக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனதும் அத்தை வந்து அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தொழுவின் மறுகோடியில் கட்டினாள். தும்புக் கயிற்றை இழுத்து ரெண்டு முடிச்சுப் போட்டாள்.

"எளங்கொடி விழட்டும். பொறவு ஊட்டலாம்."

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். நஞ்சுக்கொடி விழாமல் கன்று மடியைத் தொட்டால் கொடி உள்ளே ஏறிக்கொள்ளும், மாடு சீழ் வைத்துச் சாகும் என்பார்கள். உண்மை தலைகீழ். கன்று முட்டி முட்டிக் குடித்தால்தான் கர்ப்பப்பை சுருங்கிக் கொடி சீக்கிரம் விழும். கொடி தானாகச் சட்டென்று விழுந்துவிட்டால் கன்று பிழைத்துக்கொள்ளும். விழாமல் தங்கினால் அங்கேதான் வினை. அன்றைக்கு விழவில்லை. வாலுக்குக் கீழே ஒரு முழம் தொங்கிக்கொண்டு நின்றது. யாரோ சொன்னார்கள் என்று அத்தை அதில் ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"அத்தை, கொடி எப்ப வேணா விழட்டும். எனக்கு ஒரு செம்புப் பால் மட்டும் கறந்து குடுங்க. கன்னை மடிக்கிட்ட விடவேண்டாம், நான் புட்டியில ஊத்திக்கிடுதேன்."

"மடியத் தொட்டாலே கொடி ஏறிரும்."

"ஏறாது அத்தை. நான் படிச்சிருக்கேன்."

"நீ படிச்சிருக்க. நான் பார்த்திருக்கேன்" என்றாள் அத்தை. அதற்குப் பிறகுதான் அதைச் சொன்னாள். வாழ வந்த புதிதில், கட்டிக்கிடந்து கத்திய ஒரு கன்றைப் பாவம் பார்த்து அவள் அவிழ்த்து விட்டிருக்கிறாள். அந்த மாட்டுக்குக் கொடி விழவே இல்லை. நாறிச் செத்தது. அவள் மாமியார் அவள் தலைமுடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து, மாட்டைத் தின்றவள் என்று ஊர் கேட்கக் கத்தினாளாம். "அன்னைக்கு அவுத்துவிட்டது இந்தக் கைதான். திரும்பவும் அதைச் செய்வேன்னு நெனைக்கியா?"

கன்று கத்தியது. மாடு பதிலுக்குக் கத்தியது. வெயில் ஏறியது, வெயில் சாய்ந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பிளவக்கல் பக்கம் தடுப்பூசி போடப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். திரும்பி வந்தபோது கன்றின் குரல் கம்மிவிட்டது. தரையை நக்கிக்கொண்டிருந்தது. தலைச்சன் கன்று கழிந்து கழிந்து செத்த அதே தரை. சாணமும் மூத்திரமும் ஊறிய அந்த மண்ணில் இருந்த அத்தனை கிருமியும் திறந்த கதவு வழியாக உள்ளே போய்க்கொண்டிருப்பது, மைக்ரோஸ்கோப் இல்லாமலே எனக்குத் தெரிந்தது. காவல் உள்ளே போகவேண்டிய வழியில் களவாணி போய்க்கொண்டிருந்தான்.

பொறுக்கமுடியாமல் செம்பை எடுத்துக்கொண்டு மாட்டிடம் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"விட்ரு பாப்பா. நீ நாளைக்குப் பஸ் ஏறிப் போயிருவ. மாட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான இங்க நிக்கணும்?"

"கன்னு செத்துட்டா மட்டும் நீ இங்க நிப்பியாக்கா?"

அவள் என் கையை விடவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் கொடி விழுந்தது. அத்தை அதை வைக்கோலில் பொதிந்து சாக்கில் கட்டி, கண்மாய்க்கரை ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தாள். ஏற்கெனவே பத்துப் பதினைந்து சாக்குமூட்டைகள் அந்தக் கிளைகளில் ஆடிக்கொண்டிருக்கும், காக்காய் மொய்க்கும். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பார்கள். வந்து குளித்துவிட்டுத் தன் கையாலேயே கன்றை அவிழ்த்துவிட்டாள். அது தள்ளாடிப் போய்க் காம்பைக் கவ்வி, கடைவாயில் நுரை வழிய வழியக் குடித்தது. வயிறு பானை மாதிரி உப்பியது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். "பார்த்தியா? பெருசா பயங்காட்டுனியே" என்று அத்தை என் கன்னத்தை இடித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

மிச்சச் சீம்பாலில் கருப்பட்டி தட்டிப்போட்டு, ஏலக்காய் பொடித்து அவித்து, தெருவெல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தனுப்பினார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். அந்தக் கன்றின் ரத்தத்தில் இருந்திருக்கவேண்டியதைக் கருப்பட்டி போட்டு நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். கதவு எப்போதோ சாத்தியாகிவிட்டது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருவேளை முழுசாக அடைத்திருக்காது, கொஞ்சம் போயிருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அடுத்த நாளே கன்று வெள்ளையாகக் கழிந்தது. கண் குழிக்குள் போயிற்று. டாக்டர் வந்து ஊசி போட்டார், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஊற்றச் சொன்னார். நானும் அக்காவும் மாற்றி மாற்றி ஊற்றினோம். காதைத் தொட்டால் பச்சைத் தண்ணியைத் தொட்ட மாதிரி இருந்தது. பொழுது விடிந்து பால்காரர் மணியடித்துக்கொண்டு போகும்போது, அக்கா மடியில் தலையை வைத்தபடியே செத்துப்போனது. அத்தை வாசற்படியில் உட்கார்ந்து, "ஐயோ, இதுவும் போச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். பொய் அழுகை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தோல் உரிக்க ஆள் வந்தார். நான் கொல்லைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அக்கா வந்து என் கையில் எதையோ வைத்தாள். அந்த ஃபார்மலின் பாட்டில்.

"இதுக்குத்தான கொண்டாந்த? எடுத்துக்கோ" என்றாள். கோபம் எதுவும் இல்லாமல் அவள் சொன்ன தொனியில் எனக்கு உயிரே போயிற்று. "ஆனா ஒண்ணு செய்யி பாப்பா. எதுனால செத்துச்சுன்னு அவியளுக்குக் கண்ணால காட்டு. வாயால சொன்னா அவிய நம்பமாட்டாவ. எனக்கு அந்தப் படத்தைக் கொண்டா."

தரையில் உட்கார்ந்து, குடலில் தேவையான இடத்தை அறுத்துப் பாட்டிலில் போட்டேன். தொழுவின் உத்தரத்தில் அன்று சாயங்காலமே ரெண்டாவது வைக்கோல் கன்று ஏறியது. நெற்றியில் வெள்ளை அப்படியே இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அந்த ஸ்லைடை வைத்தபோது ஆசிரியரும் பக்கத்தில் நின்றார். விளக்கைப் போட்டேன். குடலின் விரல்விரலான மடிப்புகளின் மேல் பச்சை திட்டுத்திட்டாக அப்பிக்கொண்டிருந்தது. குடித்த பால்தான், சந்தேகமே இல்லை. செல்லின் வெளி விளிம்பில் பச்சையாக ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே கறுப்பு. ஒரு செல்லிலாவது ஒரு புள்ளி இருக்கிறதா என்று ஸ்லைடு ஸ்லைடாகத் தேடினேன். இல்லை. பச்சை மங்கிக்கொண்டே வந்தது. "சீக்கிரம் எடும்மா, அழிஞ்சிரும்" என்றார் அவர். படம் பிடித்தேன். அந்தப் படம்தான் வரிசையிலேயே தெளிவாக வந்தது. ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்று பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். அன்று சாப்பிட்டது அத்தனையும் வாந்தி எடுத்தேன்.

மாடு உடனே லாரி ஏறவில்லை. ஆடிப்பூரத் தேர் வந்தது, பால்கோவாக் கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள், வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டு மாடும் பால் கொடுத்தது. கூட்டம் ஓய்ந்து லாரிக்குப் பேசும்போது மாடு சினையாக இருந்தது. சினைமாட்டை அடிமாட்டுக்கு விற்கிற பாவத்துக்கு அத்தை துணியவில்லை. "இது மூணாவது. அம்புட்டுத்தான்" என்றாள். அதற்குள் அத்தானுக்கு மகாராஜபுரத்தில் ஒரு பெண்ணை யாரோ பார்த்து வைத்துவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. அக்கா தன் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தாள், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு.

மூன்றாம் ஈற்றுக்கு ரெண்டு படங்களோடு போனேன். பிரிண்ட் போட்ட ஸ்டூடியோக்காரர், "என்ன மேடம் இது, வயக்காட்டை ஏரோப்ளேன்லருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டிருந்தார். ஒன்று, பண்ணையில் பிறந்ததும் குடித்து, பிரசவக் காயத்தில் செத்த ஒரு கன்று. இன்னொன்று நம்முடையது. இந்தத் தடவை கிழவியை ஒரு கை பார்த்துவிடுவது என்று வழியெல்லாம் வசனம் பேசிக்கொண்டு போனேன். சாப்பாடு முடிந்த மத்தியானம், அத்தை வெற்றிலை போட உட்கார்ந்ததும் ரெண்டையும் முன்னால் வைத்தேன். அக்கா ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை கண்ணாடி போட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள்.

"பச்சையா இருக்குறது என்னது?"

"சீம்பால்ல இருக்குற காவல் அத்தை. சீக்கு வராம காக்குறது. இந்தக் கன்னு பொறந்ததுமே குடிச்சது. பாருங்க, காவல் உள்ள போயிருக்கு. பச்சை பச்சையா உருண்டு நிக்கி பாருங்க."

"இதுல?"

"இது கொடி விழட்டும்னு ஒரு ராத்திரி கட்டிப்போட்ட கன்னு. அதுக்குள்ள குடல்ல வழி அடைச்சிருச்சு. குடிச்சதெல்லாம் வாசல்லயே நிக்கி."

அவள் ரெண்டு படத்தையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். "இது யார் வீட்டுக் கன்னு?"

"நம்ம வீட்டுது."

"வயிறு நெறையக் குடிச்சுச்சே ஏட்டி."

"குடிச்சுச்சு அத்தை. உள்ள போகலை."

நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். ஃபோட்டோவாம் மயிராம் என்று தூக்கி எறிவாள், பதிலுக்கு இதைச் சொல்லலாம், அதைச் சொல்லலாம் என்று எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவள் எறியவில்லை. அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்துத் தடவினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"மனுசப் புள்ளைக்கும் இப்படித்தானா?"

ஆட்டுக்கல் சத்தம் நின்றது.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவளின் முதல் மூன்று நாள் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார்கள். மஞ்சளாக இருக்கும், செரிக்காது, விஷம் என்று பீச்சி எறியச் சொல்வார்கள். பிள்ளைக்குச் சீனித்தண்ணி, கழுதைப்பால். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த ரெண்டு படத்தையும் பைக்குள் வைக்கும்போது, இப்படி ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் கன்றைப் படித்தவள். கன்றை மட்டுமே பார்த்தேன்.

"மனுசப் புள்ளைக்கு வேற அத்தை" என்றேன். "தாய் வயித்துலயே குடுத்து அனுப்பிருவா. ரத்தத்துக்கு அதுவே போதும்." அது பொய் இல்லை.

"அப்போ அந்த மொதப் பாலு?"

அந்தப் பால் குடலிலேயே தங்கும், வயிற்றுப்போக்குக் கிருமிகளை அங்கேயே மறிக்கும். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வாயைத் திறந்தால் வரவில்லை. "அதுவும்... நல்லதுதான் அத்தை" என்றேன்.

"எம் மவன் தவிட்டுக்காரிகிட்ட அன்னைக்கே குடிச்சான்" என்றாள் அத்தை. வெற்றிலையை மடித்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தப் படத்தைக் கிழித்துப்போட்டால் தேவலை போல இருந்தது. ஜெயித்தது என்னவோ நான்தான். அப்படி ஒரு ஜெயிப்பு என் எதிரிக்குக்கூட வரவேண்டாம்.

அதற்கு மூன்றாம் நாள் காலை மாடு ஈன்றது. அதுவும் கிடேரிதான். நானும் அக்காவும் செம்போடு ஓடுவதற்குள் அத்தை அங்கே இருந்தாள். தும்பு மூலையில் சுருட்டியபடி கிடந்தது. ஈரம் காயாத கன்றை ரெண்டு கையாலும் அள்ளி, மடிக்குக் கீழே மண்டிபோட்டு, காம்பை அதன் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அது கவ்வத் தெரியாமல் நழுவவிட்டது. மறுபடி திணித்தாள். "குடி தாயி. குடி. குடிச்சிரு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாட்டின் வாலுக்குக் கீழே கொடி தொங்கிக்கொண்டிருந்தது.

கன்று கவ்வியது. சப்புகிற சத்தம் கேட்டது. அக்கா செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அந்தக் கன்று பிழைத்தது, மாடு பிழைத்தது, அக்கா அந்த வீட்டிலேயே இருந்தாள். அதெல்லாம் பின்னால். அந்த நேரத்தில் அத்தை தன் ரெண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"மூணுக்கும் நான்தான் பீச்சிக் கெணத்தடியில விட்டேன். சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டு... கை வலிக்க வலிக்கப் பீச்சினேன். பக்கத்துலயே பசியில கத்திக்கிட்டுக் கெடந்துச்சுக."

அக்கா எழுந்து போய் அவள் பக்கத்தில் சாணியிலேயே உட்கார்ந்தாள். கன்று குடித்துக்கொண்டிருந்தது. கொடி எப்போது விழுந்தது என்று எங்களில் ஒருத்தியும் பார்க்கவில்லை.